பூஜ்யத்துக்கு ஒரு பன்றி

தொருங்கோன் ஊர்,
சபா மாநில வடமுனை.
ஆகஸ்ட் 17

'வடமுனைச் செய்தி' நாளிதழின் ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் அச்சு இயந்திரமும் நலமாக இருக்கவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். கடிதத்தில் இந்த இடத்துக்கு வந்ததும் "நாங்களும் இங்கே நலம்" என்று எழுதுவது முறை. அந்தச் சிரமத்தை எங்களுக்கு வைக்காமல் தாங்களே முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டீர்கள்: "மாவட்டத்தில் மலேரியா பூஜ்யம். அதிகாரி பெருமிதம்." அது பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். இடம் போதாவிட்டால் விளம்பரத்தை எடுத்துவிட்டுப் போடவும்.

என் பெயர் ரோசிந்தா. சதங்காய் மகள், வயது இருபத்துநான்கு. ஊர் முழுதும் ஒரே கூரையின்கீழ் வாழும் எங்கள் நீளவீட்டில் மொத்தம் பதினான்கு அறைகள், பதினோராவது எங்களுடையது. காட்டின் பக்கம் இருக்கும் கடைசி மூன்று அறைகளை விட்டால் எங்களுடையதற்குத்தான் கொசு அதிகம். ஊரில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் விரலில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து, சாயம் ஊற்றி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது என் வேலை. சுகாதார அலுவலகம் ஆறு வாரம் பயிற்சி கொடுத்து, ஒரு மைக்ரோஸ்கோப்பும் கொடுத்து, 'தன்னார்வலர்' என்று பெயரும் கொடுத்தது. சம்பளம் இல்லாத வேலைக்கு இவ்வளவு அழகான பெயர் வைக்க அரசாங்கத்தால்தான் முடியும்.

உங்கள் நாளிதழ் எங்கள் ஊருக்கு வெள்ளிக்கிழமைதோறும் தவறாமல் வருகிறது. மீன்காரர் கொண்டுவருவார், மீனைச் சுற்றி. ஆகவே செய்தி எங்களுக்கு மூன்று வாரம் பழையதாகவும் கொஞ்சம் ஈரமாகவும்தான் கிடைக்கும். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்த தாளில் அந்தப் படம் இருந்தது. மாவட்ட மலேரியா அதிகாரி கிளாரன்ஸ் மொஜிலிப் கையில் கத்தியோடு சிரிக்கிறார். முன்னால் பூஜ்யம் வடிவத்தில் ஒரு கேக். கேக்கின்மேல் சர்க்கரையில் செய்த கொசு ஒன்று மல்லாந்து கிடக்கிறது. அதிகாரியின் கன்னத்தில் மீன் செதில் நாலு ஒட்டியிருந்தது; அது உங்கள் தவறு இல்லை. அந்தத் தாளை எடுத்துப் படித்தவர் என் அப்பா. படிக்கும்போது அவர் இரண்டு போர்வைக்குள் இருந்தார், பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டிருந்தன, வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. முழுதும் படித்துவிட்டு அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததே, அதை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

"ரோசி, மலேரியாவே இல்லையாம். நான்கூட கொஞ்சம் பயந்துட்டேன்."

"உங்களுக்கு நடுங்குதுப்பா."

"இது வேற நடுக்கம். முந்தாநாள் மழைல நனைஞ்சேன்ல?"

"விரலக் குடுங்க."

"எதுக்கு? அரசாங்கமே இல்லன்னு சொல்லிட்டுது. அதுக்கு மேல நீ யாரு? பள்ளிக்கூடத்துல கணக்குல பெயிலானவ."

சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். நான் போர்வையைப் பிடித்து இழுத்தேன். அவர் உங்கள் நாளிதழை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, "படிச்சுப் பாரு, படிச்சுப் பாரு" என்று கத்தினார். மூலையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமல் சொன்னார்: "கையத்தானே ஒளிச்சிருக்காரு. காலு வெளிலதானே கெடக்கு. அதுல குத்து." பிறகு அவரே எழுந்துவந்து, கையில் மீன் கத்தியோடு, அப்பாவின் முழங்கால்மேல் உட்கார்ந்துகொண்டார். இடது கால் பெருவிரலில் குத்தினேன். அப்பா போட்ட கூச்சலில் மூன்றாவது அறைக்காரர்கள் பிரசவம் என்று நினைத்து வெந்நீர் வைத்துவிட்டார்கள்.

ஆசிரியர் அவர்களே, அது சாதாரணக் கால் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் கொசு ஆராய்ச்சிக்காரர்கள் வந்து ஊரில் மூன்று மாதம் தங்கினார்கள். காட்டுக்குள் ஒருவர், காட்டு விளிம்பில் ஒருவர், வீட்டு வாசலில் ஒருவர். பொழுது சாயும் நேரத்தில் முழங்கால் வரை துணியைச் சுருட்டிக்கொண்டு உட்காரவேண்டும். காலில் வந்து உட்காரும் கொசுவைக் கடிக்குமுன் ரப்பர் குழாயால் உறிஞ்சிக் குப்பியில் அடைக்கவேண்டும். விளிம்பில் உட்கார்ந்தவர் என் அப்பா. காட்டுக்குள் இருந்தவருக்கு ஒரு மாலையில் ஒன்பது கொசு, வாசலில் இருந்தவருக்கு நான்கு, அப்பாவுக்கு அறுபத்தொன்று. ஊரே வந்து கைகொடுத்தது. "கொசுவுக்கு ஆள் தெரியும்" என்று அவர் இன்றுவரை சொல்லிக்கொள்கிறார். ஆள் இல்லை, இடம்தான் காரணம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் எவ்வளவு சொல்லியும் ஏறவில்லை. அவர்கள் கட்டுரையில் அந்தக் கால் படத்தோடு வந்திருக்கிறதாம். அறிவியலுக்கு என் அப்பாவின் காலைத் தெரியும். அரசாங்கத்துக்கு அவர் காய்ச்சலைத் தெரியாது.

கண்ணாடியில் பார்த்தேன். பார்வை படும் இடத்தில் நான்கு ஒட்டுண்ணிகள். சாயங்காலம் மறுபடி குத்திப் பார்த்தபோது எண்ண இரண்டு கை விரல்களும் போதவில்லை. இந்த வகை ஒரே நாளில் பெருகும். பொறுத்திருந்து பார்க்கலாம் என்று உட்கார முடியாது. உடனே முதல் மாத்திரையைக் கொடுத்து, எண்ணெய்ப்பனைத் தோட்டத்தின் லாரியை மறித்து, பனங்குலைகளின்மேல் பாய் விரித்து அப்பாவைப் படுக்கவைத்து நான்கு மணி நேரம் போனோம். வழி நெடுக அவர், "ஒண்ணுமில்லாததுக்கு இப்படி அலட்டுறாளே" என்று லாரிக்காரரிடம் புலம்பிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் நல்ல டாக்டர். பட்டணத்து இயந்திரத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, இது குரங்கிடமிருந்து கொசு வழியாக வரும் மலேரியா என்றார். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் சிறுநீரகம் போயிருக்கும் என்றும் சொன்னார். யோசித்துப் பாருங்கள். மைக்ரோஸ்கோப் ஊரில் இல்லாமல், உங்கள் தாள் மட்டும் இருந்திருந்தால், என் அப்பாவும் இப்போது பூஜ்யத்தில் சேர்ந்திருப்பார்.

நான்காவது நாள் அப்பா நடந்து வீட்டுக்கு வந்தார். மறுநாள் எனக்கு ஒரு கடிதம் வந்தது. மூன்று வருடமாக மாவட்டத்தில் மலேரியா இல்லாத காரணத்தால் தொருங்கோன் இரத்தப் பரிசோதனை நிலையம் மூடப்படுகிறது, மைக்ரோஸ்கோப்பைத் துடைத்துத் தயாராக வைக்கவும். அதிகாரியைத் தொலைபேசியில் பிடித்தேன். எங்கள் ஊரில் தேவாலயத் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். தொட்டிமேல் நின்று சொன்னேன்: "சார், எங்கப்பாவுக்கு மலேரியா." அவர் மிகவும் வருத்தப்பட்டார், உடம்பு எப்படி என்று கேட்டார், பிறகு சொன்னார்: "ஆனா அது கணக்குல வராதும்மா. மனுஷ மலேரியாதான் கணக்கு. இது குரங்கு மலேரியா." அப்பாவோடு சேர்த்து இந்த வருடத்தில் ஊரில் இதே மாதிரி ஆறு பேர் என்றேன். "ஆறும் குரங்குதாம்மா" என்றார். தொட்டிக்குள் விழாமல் இறங்கியது என் அதிர்ஷ்டம்.

இதில் இன்னொரு பூஜ்யமும் உண்டு. தோட்டத்தில் வேலை செய்யும் கடல்கடந்து வந்த ஆட்களில் பாதிப்பேருக்கு அனுமதித் தாள் கிடையாது. அவர்களில் ஒருத்தி போன மாதம் எங்கள் சன்னல் வழியாக விரலை மட்டும் நீட்டினாள். பெயர் கேட்டேன், விரலை இழுத்துக்கொண்டாள். பெயர் வேண்டாம் என்றதும் மறுபடி நீட்டினாள். ஒட்டுண்ணி இருந்தது. மாத்திரை கொடுத்தேன். மறுநாளும் விரல் வந்தது, அடுத்த நாளும் வந்தது, பிறகு இரத்தம் சுத்தமானதும் நின்றது. முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. அவளை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டதற்கு அலுவலகத்தில் சொன்ன பதில், "பேர் இல்லாம எழுத முடியாது." பெயர் இல்லாதவர்களுக்குக் காய்ச்சல் வராது என்று கொசுவிடம் யாராவது சொல்லிவைத்தால் நல்லது.

கொசுவைச் சொல்லி என்ன செய்வது? ஆறு வருடத்துக்கு முன்னால் ஓடைக்கு அந்தப் பக்கம் முழுக்கக் காடு. தோட்டக் கம்பெனி வந்து ஓடைவரை வெட்டிவிட்டு, சட்டத்துக்குக் காட்டுவதற்காக ஒரு கோவணத்தின் அகலத்துக்குக் காட்டை விட்டுவைத்திருக்கிறது. மொத்தக் குரங்கும் அந்தக் கோவணத்தில்தான் குடியிருக்கிறது. பசித்தால் எங்கள் மரவள்ளிக்கு வருகிறது. லாரிச் சக்கரம் பதிந்த பள்ளங்களில் நிழலும் மழைத்தண்ணீரும் நிற்க, கொசு அதில் குஞ்சு பொரிக்கிறது. குரங்கு இருபதடி தூரத்தில், நாங்கள் இருபதடி தூரத்தில், நடுவில் கொசு. இவ்வளவு வசதியான வீடு எங்கள் ஊரில் வேறு யாருக்கும் கிடையாது.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை மத்தியானம், மொஜிலிப் தன் அலுவலக வண்டியில் மைக்ரோஸ்கோப்பை எடுக்க வந்தார். வண்டியின் பக்கவாட்டில் 'மலேரியா ஒழிப்பு' என்று பெரிதாக எழுதியிருந்தது. அவர் போதாத நேரம், அன்றைக்குத்தான் அப்பா ஊர்த்தலைவர் ஒந்துகியிடம் தோட்டத்தின்மேல் வழக்குக் கொடுத்து, விசாரணை நடந்துகொண்டிருந்தது. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருவர் தவறு செய்தால் ஊர் சூடாகும். அதைத் தணிக்கத் தவறு செய்தவர் கோழியோ பன்றியோ கொடுக்கவேண்டும். அதுதான் சோகிட். சிறை கிடையாது, அடி கிடையாது. தண்டனையைச் சமைத்து எல்லாரும் சாப்பிட்டுவிடுவோம். தண்டிக்கப்பட்டவரும் கூட உட்கார்ந்து சாப்பிடவேண்டும். ஆறு பேருக்குக் காய்ச்சல் வந்ததைவிடச் சூடு வேறென்ன வேண்டும் என்பது அப்பாவின் வாதம்.

தோட்டத்திலிருந்து குமாஸ்தா ஹென்றி வந்திருந்தார். மேலாளர் வரவில்லை, பதிலுக்கு ஒரு பிஸ்கட் டின் அனுப்பியிருந்தார். நீளவீட்டின் பொதுக்கூடத்தில், மூங்கில் தரையில், ஊரே உட்கார்ந்திருந்தது. ஒந்துகி மாமா முன்னாள் லாரி ஓட்டுநர். தலைவரான பிறகு கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் பேசுகிறார்.

"நாங்க கொசு வளக்கலைங்க. மரந்தான் வெட்டுனோம்" என்றார் ஹென்றி.

"மரத்துல இருந்த குரங்கு எங்க போவும்?"

"அது குரங்கோட சொந்த விஷயம் தலைவரே."

"சரி, லாரிப் பள்ளம்?"

"பள்ளம் எங்களோடதுதான். அதுல நிக்கிற மழை ஆண்டவனோடது."

கூட்டத்தில் சிலர் சிரித்துவிட்டார்கள். ஒந்துகி மாமா பிஸ்கட் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பன்னி யாரு குடுக்கணும்? உங்க மேலாளரா?" என்றார். மேலாளர் சம்பளக்காரர் என்றார் ஹென்றி. அவருக்கு மேலே? அவர் தலைநகரத்தில். அவருக்கு மேலே? அது வேறு நாட்டில், அங்கே போய்க் கேட்டால் பங்குதாரர்கள் என்பார்கள், அவர்கள் யாரென்று பங்குதாரர்களுக்கே தெரியாது. இதைச் சொல்லும்போது ஹென்றியின் முகத்திலும் ஒரு வருத்தம் தெரிந்தது. அவருக்கும் போன வருடம் காய்ச்சல் வந்ததை நான் அறிவேன், நான்தான் குத்தினேன். கம்பெனிக்குக் கை உண்டு, வெட்டும். வாய் உண்டு, வக்கீல் வைத்திருக்கிறது. பிடித்து நிறுத்தத்தான் கழுத்து இல்லை. இந்த நேரத்தில்தான் கழுத்தில் அடையாள அட்டை தொங்க மொஜிலிப் படியேறி வந்தார்.

"மன்னிக்கணும், ஒரு கையெழுத்துதான், மைக்ரோஸ்கோப்ப எடுத்துட்டுப் போயிடுறேன்."

"உக்காருங்க தம்பி" என்றார் ஒந்துகி மாமா. "நீங்க எந்த ஊரு?"

"பெனாம்பாங் பக்கம். கடஸான் இனம்."

மாமாவின் முகம் மலர்ந்தது. கடஸான்காரருக்கும் சோகிட் உண்டு. "அப்ப உங்களுக்கு எதையும் விளக்க வேண்டியதில்ல" என்றார். மூலையில் கிடந்த உங்கள் நாளிதழ் வரவழைக்கப்பட்டது. மீன் நாற்றம் இன்னும் போகவில்லை.

"இது நீங்கதானே?"

"ஆமா."

"மலேரியா யாருக்கும் இல்லன்னு ஊரு ஒலகத்துக்கெல்லாம் சொன்னீங்களா?"

"நான் மாவட்டத்தப் பத்திப் பொதுவா சொன்னேன் மாமா."

"சதங்காய் மாவட்டத்துல இல்லையா?"

"இருக்காரு. ஆனா அவருக்கு வந்தது குரங்கு மலேரியா. மனுஷனுக்கு வர்றதுதான் கணக்கு."

அப்பா எழுந்து நின்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் அவ்வளவு நேராக நின்று நான் பார்த்ததில்லை. "மனுஷனுக்கு வந்தா கணக்கு. எனக்கு வந்தா கணக்கில்ல. அப்ப நான் யாருன்னு அந்தத் தம்பியையே சொல்லச் சொல்லுங்க." மூங்கில் தரை முழுக்க ஒரு உறுமல் ஓடியது. அம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "முப்பது வருஷமா நான் சொல்றேன், இவரு ஒத்துக்கிட்டதில்ல. அதிகாரி சொன்னா உடனே கோவம் வருது" என்றார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

தீர்ப்பு: நோயாளியை நோயாளி இல்லை என்று பத்திரிகையில் சொன்னதற்கு ஒரு பன்றி. நான்கு சாண் சுற்றளவு. அது வரும்வரை மைக்ரோஸ்கோப் நகரக்கூடாது. மொஜிலிப் முகம் வெளுத்துவிட்டது. தான் வெறும் உத்தரவைச் செய்கிறவன் என்றார், பூஜ்யம் மேலிடத்தில் தயாராகித்தான் தனக்கு வந்தது என்றார். பிறகு தண்ணீர்த் தொட்டிமேல் ஏறித் தன் அம்மாவைக் கூப்பிட்டார். ஒலிபெருக்கியைப் போட்டது அவர் தவறு. "என்னது, சீக்காளியப் போயி சீக்கில்லன்னியா?" என்று அந்த அம்மாள் கத்தியது நீளவீடு வரை கேட்டது. "மரியாதையாப் பன்னியக் குடுத்துட்டு வா. குடுக்காம இந்த வீட்டுப் படி ஏறாத."

சாண் யாருடையது என்பதில் ஒரு சின்னத் தகராறு நடந்தது. மொஜிலிப் தன் கையைக் காட்டினார். மெலிந்த, பேனா பிடிக்கிற கை. ஒந்துகி மாமா துரியான் மரம் ஏறும் மங்குனைக் கூப்பிட்டார். மங்குனின் உள்ளங்கையில் ஒரு சேவல் நின்று கூவலாம். அந்தக் கைக்கு நான்கு சாண் பன்றி கிடைக்க மொஜிலிப் ஐந்து நாள் அலைந்தார். நேற்று அது வந்தது. மைக்ரோஸ்கோப்பை ஏற்றிக்கொண்டு போக வந்த 'மலேரியா ஒழிப்பு' வண்டியிலிருந்து பன்றி உறுமிக்கொண்டே இறங்கியது.

எங்கள் ஊரில் சோகிட் பன்றியைச் சூடு எங்கிருந்து கிளம்பியதோ அங்கே வெட்டவேண்டும். அதாவது காட்டு விளிம்பில். அங்கேயே சமையல், அங்கேயே சாப்பாடு. பொழுது சாயத் தொடங்கியதும் நாங்கள் எல்லாரும் காலைப் போர்வையால் சுற்றிக்கொண்டோம். மொஜிலிப்பும் தன் காற்சட்டையைக் காலுறைக்குள் திணித்துக்கொண்டு கொசு மருந்தை எடுத்தார். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன தம்பி, பூஜ்யத்துக்கு எதுக்கு மருந்து?"

"பாதுகாப்புக்குத்தான் ஐயா."

"எதுலருந்து?"

ஊரே கறியை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தது. மொஜிலிப் நல்ல மனிதர், ஆனால் படித்தவர். தோற்பது அவருக்குப் பழக்கமில்லை. காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, அப்பா அறுபத்தொன்று பிடித்த அதே கட்டையில் போய் உட்கார்ந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இரண்டு தட்டுக் கறி சாப்பிட்டார். "வேணாம் சார், நான் விளையாட்டுக்குச் சொல்லல" என்று நானே போர்வையை நீட்டினேன். வாங்கவில்லை. அரிசிக் கள் வேறு இரண்டு மூங்கில் குவளை உள்ளே போயிருந்தது.

கிளம்புமுன் ஊர்மன்றப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டார். அதில் ஒந்துகி மாமா எழுதியிருப்பது: "சதங்காய்க்கு மலேரியா இருந்தது. இல்லை என்று சொன்னதற்காக அதிகாரி பன்றி கொடுத்தார்." கீழே அதிகாரியின் ஒப்பம், பக்கத்தில் முத்திரை. அப்படியென்றால் நிலையம் இருக்கும்தானே என்று கேட்டேன். வண்டியில் ஏறிக்கொண்டே அவர் சொன்னார்: "ரோசிந்தா, நான் கையெழுத்துப் போட்டா மேலிடத்துல பூஜ்யம் மாறிடுமா? விருந்து சாப்பிட்ட அன்னிக்கே எடுக்க மாட்டேன், மாசக் கடைசில வருவேன். அப்ப எடுத்துக்கிட்டுதான் போவேன். மனசுல வச்சுக்காத." அதைச் சொல்லும்போது காலைச் சொறிந்துகொண்டிருந்தார்.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது பெரிய உதவி இல்லை. ஊர்மன்றப் புத்தகத்தின் நகலை இணைத்திருக்கிறேன். மாதக் கடைசிக்குள் அதே முதல் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், "பூஜ்யம் அல்ல, குறைந்தது ஒன்று" என்று திருத்தம் போடவும். மொஜிலிப் படிக்கத் தெரிந்தவர். மேலிடமும் உங்கள் நாளிதழைத்தான் படிக்கிறது. மைக்ரோஸ்கோப் போய்விட்டால் அடுத்த காய்ச்சலுக்கு இரத்தம் நான்கு மணி நேரம் லாரியில் போகும், நோயாளி பின்னாலேயே போகவேண்டும். மனிதனின் காய்ச்சல், குரங்கின் காய்ச்சல் என்று பிரித்துப் பார்த்துக் கேக் வெட்டுகிற இவரைப் போன்றவர்களை ஒரு மாலை எங்கள் விளிம்பில் உட்காரவைத்தால் போதும் என்று எழுத நினைத்தேன். உட்கார்ந்துவிட்டுத்தான் போயிருக்கிறார், ஆகவே அதை மட்டும் அடித்துவிடவும். மற்றபடி அவரைப் பற்றி எழுதிய எல்லாவற்றையும் ஒரு எழுத்து குறைக்காமல் போடவும்.

தங்கள் வீட்டுச் சன்னல் வலைகள் ஒருநாளும் கிழியாதிருக்கட்டும். தங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு நல்ல மூடி அமையட்டும். தங்கள் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வராதிருக்கட்டும். வந்தாலும் கணக்கில் வருகிற காய்ச்சலாக வரட்டும். அப்பா தன் இடது காலின் வணக்கத்தையும் சேர்த்து எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
தங்கள் செய்தியை மீன் வாசத்தோடு வாசிக்கும்
ரோசிந்தா சதங்காய்

பின்குறிப்பு (ஆகஸ்ட் 30): மழையில் ஓடைப் பாலம் போய்விட்டது. பதின்மூன்று நாளாக இந்தக் கடிதம் என் பையிலேயே இருக்கிறது. நல்லதாகப் போயிற்று. மேலே எழுதிய எதையும் தயவுசெய்து போடவேண்டாம்.

மொஜிலிப் சொன்னபடி மைக்ரோஸ்கோப்பை எடுக்க நேற்று வந்தார். வண்டியைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு, ஓடையை நடந்து கடந்து, படியேறி, என் முன்னால் உட்கார்ந்து, கையெழுத்துத் தாளை நீட்டினார். தாள் நடுங்கியது. காற்று இல்லை. "மழைல நனைஞ்சிட்டேன்" என்றார். அப்பா உள்ளேயிருந்து, "அது வேற நடுக்கம்" என்று சத்தம் கொடுத்தார். நான் ஊசியை எடுத்தேன். அவர் கையை ஒளிக்கவில்லை.

கண்ணாடியில் பார்த்தேன். பிறகு அவரையே பார்க்கச் சொன்னேன். நெடுநேரம் பார்த்தார். மனிதனுடையதா குரங்கினுடையதா என்று பட்டணத்து இயந்திரம்தான் சொல்லவேண்டும் என்றேன். "எதுவா இருந்தா என்ன, எனக்குத்தானே நடுங்குது!" என்று கத்தினார். ஆறு வருடமாக நான் எழுதிய எல்லா மனுக்களையும்விட அது நன்றாக இருந்தது. தொட்டிமேல் நின்று டாக்டரிடம் கேட்டு மாத்திரை கொடுத்திருக்கிறேன். ஒட்டுண்ணி குறைகிறது. பாலம் சரியாகும்வரை தினமும் பார்க்கவேண்டும் என்பதால், 'நோயாளி ஒருவர் சிகிச்சையில் இருக்கும் காரணத்தால் இந்த நிலையத்தை மூட இயலாது' என்று படுத்தபடியே அவரே மேலிடத்துக்கு எழுதிவிட்டார். அந்தச் சன்னல் விரலுக்கும் ஒரு கட்டம் போடச் சொல்லி எழுதியிருக்கிறார். பெயர் என்ற இடத்தில் 'விரல்' என்று இருக்கிறது. மேலிடம் என்ன சொல்லுமோ தெரியாது. ஆனால் இனிமேல் மைக்ரோஸ்கோப்பைத் தொட வருகிறவர் தன்னைத் தாண்டித்தான் தொடவேண்டும் என்கிறார். இப்போது எங்கள் பதினோராவது அறையில் அப்பாவின் போர்வைக்குள் இருக்கிறார். அம்மா கஞ்சி ஊட்டுகிறார். திருத்தம் போடுவதாக இருந்தால் 'ஒன்று' என்று போடவேண்டாம், ஊரின் ஆறு பேர், அந்த விரல், தான் என்று 'எட்டு' போடவும், எட்டாவது பெயரைப் பெரிதாகப் போடவும் என்று சொல்லச் சொன்னார்.

சிக்கல் ஒன்றுதான். எங்கள் விருந்தில், எங்கள் எல்லையில், எங்கள் ஆள் சீண்டியதால் விருந்தாளிக்குக் காய்ச்சல். ஊர் மறுபடி சூடாகிவிட்டது. இன்று காலை ஒந்துகி மாமா தீர்ப்புச் சொன்னார்: இந்த முறை பன்றி நாங்கள் கொடுக்கவேண்டும், அதே நான்கு சாண். அந்தப் பன்றியைத்தான் நாங்கள் சாப்பிட்டுவிட்டோம். சாணுக்கு யார் கை என்று கேட்டதும், மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஐந்தாவது அறையில் இருக்கும் மூன்று வயது லிண்டாவைக் கூட்டிவரச் சொன்னார்.

காய்ச்சல் நூற்றிரண்டு இருந்தும் மொஜிலிப் போர்வையை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டார். "மங்குன் எங்க?" என்கிறார்.